போணி நேரத்துச் சால்வை

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எண்ணூரில் எங்கள் குப்பத்து ஆண்களுக்கு வலையைச் சரிசெய்வதும் வெட்டிச் சண்டை போடுவதும்தான் வேலை. பெண்களுக்கு அதுவும் கிடையாது. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து ஊட்டிக்குக் கிளம்பினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா வலையோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மற்றவர்களுக்குக் குளிரைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு ஏரியில் படகு ஏற ஆசை. கேட்டால் சிரிப்பு வரும். எங்கள் பக்கம் பெண்கள் தொழிலுக்குப் போகும் போட்டில் கால் வைக்க மாட்டார்கள், வைத்தால் கடல் கொடுக்காது என்பார்கள். கடற்கரையிலேயே பிறந்து, கடலுக்குப் போகிறவரையே கட்டிக்கொண்டு, திருவொற்றியூர் தேரடியில் மீன் விற்கும் அம்மா அதுவரை ஒரு படகில்கூட உட்கார்ந்ததில்லை.

"ஏரி போட்டுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கெடியாது. அங்க நான் குந்தத்தான் போறேன்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்குமான டிக்கெட் பணத்தைச் சுருக்குப்பையில் தனியாக முடிந்துவைத்திருந்தாள்.

ஊர் திரும்பும் நாள் காலையில், பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடமொன்றில் வேனை நிறுத்தினார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் யாருமில்லை. எல்லோரும் அப்போதுதான் திறந்துகொண்டிருந்த கடைகளுக்குள் புகுந்தார்கள். தைலம், வர்க்கி, மரத்தில் செய்த குட்டி ரயில் என்று ஆளுக்கொரு பை நிறைந்தது. சித்தி காதுவரை மூடும் கம்பளித் தொப்பி ஒன்றை வாங்கினாள். எண்ணூர் வெயிலில் அதை எந்த மாதம் போடுவாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஓரத்தில் தோடர் அம்மா ஒருத்தி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கையால் பூத்தையல் போட்ட சால்வைகளை விரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் ஒன்றைத் தூக்கி விலை கேட்டேன். வாங்குகிற எண்ணமெல்லாம் கிடையாது. மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கற்ற பேரத்தை மலையிலும் காட்டிப் பார்க்கிற திமிர். சொன்னதில் பாதி கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே குறைத்தாள். நான் விடாமல் இன்னும் இறக்கினேன்.

"சரி பாப்பா, இன்னும் போணி ஆகல. நீ கேட்ட வெலைக்கே எடுத்துக்கோ" என்று சால்வையை மடித்து நீட்டினாள்.

ஜெயித்துவிட்டேன். "வாணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நாலடி தள்ளி நின்ற அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இன்னாடி பண்ணிட்டு வர்ற? போணி நேரத்துல வெல பேசி, அவுங்க குட்த்தேன்னு சொன்னப்பறம் வுட்டுட்டு வருவியா? அந்தம்மா இன்னிக்கி நாள்பூரா இன்னா யாவாரம் பண்ணும்?"

தேரடியில் முதல் ஆள் அப்படிப் போய்விட்டால் அம்மா சாயங்காலம்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு மீனுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். சுருக்குப்பையில் மிச்சமிருந்தது படகுக்கென்று வைத்த அந்தத் தனி முடிச்சுதான். அதை அவிழ்த்துச் சால்வையை வாங்கினாள். தோடர் அம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானோ, எனக்குத்தான் சால்வை வாங்கித் தருகிறாள் என்று குதித்தேன். வேனில் ஏறியதும் கழுத்தில் குத்துகிறது என்று கழற்றி எறிந்தேன்.

மத்தியானம் ஏரிக்குப் போனோம். மீதிப் பணத்தில் ஒரு டிக்கெட்தான் வாங்க முடிந்தது. அதை என் கையில் கொடுத்தாள். சித்தி, "நான் குடுக்குறேன், வாக்கா" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு வாணாம்மே. தண்ணியப் பாத்தாலே தல சுத்துது" என்றாள் அம்மா.

தினமும் கடலைப் பார்க்கிறவளுக்கு ஏரியைப் பார்த்துத் தலை சுற்றுமா என்று பத்து வயதுக்கு யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் நம்பிவிட்டேன். ஒரு மாதப் பேச்சு ஒரே வார்த்தையில் மறந்துபோனது. படகில் ஓரத்து இடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் பிடித்துக்கொண்டாளே என்கிற கோபம் வேறு. கரையில் நின்ற அம்மாவுக்குக் கைகூடக் காட்டவில்லை.

இறங்கியதும் அம்மா ஓடிவந்தாள். என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எப்டிடி இருந்துச்சு? அடியில தண்ணி ஓட்றது காலுக்குத் தெரியுமா?"

"போம்மா, பசிக்குது" என்றேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஊட்டியும் வாய்க்கவில்லை, வேறு படகும் வாய்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். சும்மா பேச்சுக்குக் கேட்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். தெரியும்மா, காலுக்கு நன்றாகவே தெரியும், மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.