நாலு விரல் கட்டி

போன செவ்வாய்க்கிழமை வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். பயப்படாதீர்கள், ஒன்றுமில்லை, இந்த வயதுக்காரனுக்கு வேறு என்ன எழுதித் தருவதென்று டாக்டருக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் ஜில்லென்று எதையோ இடது விலாவுக்குக் கீழே தடவி, "மூச்ச இழுத்துப் புடிங்க தாத்தா" என்றாள். பிடித்தேன். "மண்ணீரல் நார்மல்" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் பிடித்த மூச்சை விட மறந்துபோயிற்று. அதே இடம், மூச்சைப் பிடி என்கிற அதே வார்த்தை. பாகூர்ப் பக்கம் ஒரு ஊரில் நாற்பது பிள்ளைகளிடம் வாரா வாரம் நான் சொன்ன வார்த்தை அது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் நடத்திய மருத்துவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பு பிரெஞ்சிந்தியாவுக்குள்தான் செல்லும். பாரீசுக்குக் கொண்டுபோனால் அந்தச் சான்றிதழில் கடலை மடித்துத் தின்னலாம். எங்களுக்குப் பாடம் சொன்னவர் ஒரு பட்டாளத்து டாக்டர். முசே என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்தில் வந்தால் சுருட்டும் ஸ்பிரிட்டும் சேர்ந்து மணக்கும். நல்ல மனிதர், சத்தியமாக நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம்.

அவர் ஒருநாள் என்னையும் என் சிநேகிதன் தாவூதையும் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு மேஜைமேல் படுத்துக்கொண்டார். நாங்கள் வெலவெலத்துப் போனோம். விலாவுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள் என்றார். கை வைத்தேன்; மூச்சை இழுக்கும்போது உள்ளே ஏதோ கெட்டியாக வந்து விரல்நுனியில் முட்டியது. ஆப்பிரிக்காவில் வாங்கிய முறைக்காய்ச்சல், இப்போது மலேரியா என்கிறீர்களே, அது விட்டுப்போனது என்று சிரித்தார். மண்ணீரல் வீங்கி விலாவைத் தாண்டி எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று அளக்க அப்படித்தான் கற்றுக்கொண்டோம். வெள்ளைக்காரர் வயிற்றில் கை வைத்த பெருமையை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது வேறு கதை.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். இரண்டு ஊர். ஒரு ஊரில் பிள்ளைகளுக்கு வாராவாரம் அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை கொடுப்பது. இன்னொரு ஊரில் ஒன்றும் கொடுக்காமல் அளந்து எழுதுவது மட்டும். ஆறு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால், கொயினா என்ன செய்யும் என்று சர்க்காருக்கு முகத்தில் அடித்தாற்போல் காட்டலாம். எழுதி அச்சுக்கு அனுப்பும்போது எங்கள் பெயரையும் போடுவார். யார் நோட்டு சுத்தமாக இருக்கிறதோ அவனுக்குப் பிரான்சில் படிக்கச் சிபாரிசு. தாவூதின் அப்பா வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அதனால் வில்லியனூர்ப் பக்கத்து ஊர், மாத்திரை கொடுக்கிற ஊர், அவனுக்கு. பாகூர் ஏரிக்குக் கீழே இருந்த ஊர் எனக்கு. வேறு காரணமே கிடையாது. அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் ஆனது எல்லாம் அந்த ஜவுளிக்கடையால் ஆனது.

வியாழக்கிழமை தோறும் சைக்கிளில் போவேன். நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வரும். சுங்கச் சாவடிச் சேவகன் பையைத் திறந்து பார்ப்பான். ஒரு நோட்டு, ஒரு பென்சில், தயிர்சோற்று டப்பா. "டாக்டருக்குப் படிக்கிறேன்ற, பையில மருந்தே இல்லியேப்பா?" என்று சிரிப்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், மானங்கெட்டவன்.

ஊரில் முதல் வாரம் பிள்ளைகள் என்னைக் கண்டு ஓடின. இரண்டாவது வாரம் தாய்மார்களே இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கு ஒரே குஷி. மூன்றாவது வாரம்தான் விஷயம் புரிந்தது. நான் தொடுவதுதான் வைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள்! படித்தவன், அத்தனை தூரம் வந்து, வயிற்றில் கை வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறான். அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? "போன வாரம் நீங்க தொட்டதிலேர்ந்து குளிரே வர்லீங்க சாமி" என்றாள் ஒருத்தி. இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த வாரம் எவள் பிள்ளையைக் கொண்டுவருவாள்? சொல்லவில்லை.

பச்சையம்மா என்று ஒருத்தி, நடவு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் அஞ்சலைக்கு ஏழு வயதிருக்கும். முன்பல் இரண்டும் இல்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னால் கன்னம் உப்பக் காற்றை வாயில் அடக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் புஸ்ஸென்று என் முகத்திலேயே விடுவாள். ஆடியில் அவள் மண்ணீரல் கட்டி இரண்டு விரல். ஆவணியில் மூன்று. புரட்டாசியில் நாலு. கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னே வந்துவிட்டது. புஸ்ஸென்று விடுவதும் நின்றுபோயிற்று.

முசேயிடம் போய் நின்றேன். ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார். ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் கொடுப்பாய், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது என்றார். மூன்று மாதம் பொறு, அடுத்த வருஷம் பாகூர் கொம்யூன் வட்டாரம் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் வாங்கித் தருகிறேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

காய்ச்சல் ஊருக்குப் போகிறோம் என்று எங்கள் இருவருக்கும் சொந்த உபயோகத்துக்கு வாரம் ஆறு கொயினா மாத்திரை தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு போனேன். சாவடிச் சேவகன் பார்த்து நாலு பேரிடம் சொல்லிவிடுவானோ என்று பயந்து, காகிதத்தில் சுற்றித் தயிர்சோற்றுக்குள் புதைத்துவிட்டேன். ஊருக்குப் போய்த் தோண்டியபோது ஒரு மாத்திரை கரைந்து போயிருந்தது. அந்தச் சோற்றை வீணாக்காமல் தின்றேன் பாருங்கள், அந்தக் கசப்பு ராத்திரிவரைக்கும் போகவில்லை. மீதி ஐந்தையும் பச்சையம்மா கையில் கொடுத்து, தினம் ஒன்று, வேறு யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அஞ்சலைக்கு அனல் பறந்தது. மாத்திரை என்னாயிற்று என்று கேட்டேன். "குடுத்தங்க சாமி. எல்லாத்துக்கும்தான் குடுத்தன்."

"எல்லாத்துக்கும்னா?"

"தெருவுல பதிமூணு புள்ளைங்க. அம்மில வெச்சித் தட்டி ஆளுக்கு ஒரு துளி நாக்குல வெச்சன். அதுங்களுக்கும்தான குளிர் காச்சல்? எம் பொண்ணு வாயில மட்டும் எப்பிடிங்க போடறது? எல்லாம் வாயப் பாத்துக்னு நிக்குதுங்க."

கத்தினேன். அறிவிருக்கா உனக்கு என்று கேட்டேன். கத்தி முடித்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. பங்கு போட்டால் யாருக்கும் உதவாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் முசே ஒரு ஊரையே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வைத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவளால் ஒரு தெருவை அப்படி நிற்க வைக்க முடியவில்லை. அதன்பிறகு வாரம் ஒரு மாத்திரையை நானே அஞ்சலை வாயில் போட்டு, விழுங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வருவேன். மீதியை நானும் தின்ன மனம் வராமல் அவளுக்கென்றே சேர்த்து வைத்தேன். நாலு விரல் கட்டிக்கு வாரம் ஒன்று எந்த மூலைக்கு? தினமும் போக எனக்கு என்ன வழி?

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி வழிந்து பாதையை அறுத்துவிட்டது. நானும் படுத்துவிட்டேன். என் மாத்திரைகளை நான் தின்னவே இல்லையல்லவா, குளிர் வந்து கட்டிலோடு தூக்கித் தூக்கிப் போட்டது. தாவூதுதான் வந்து கஞ்சி ஊற்றினான். "இன்னாடா, உனக்குக் குடுத்தத தின்னலியா நீ?" என்றான். அவனிடம்கூட நான் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனேன். வரிசையில் பச்சையம்மா நின்றிருந்தாள். கையில் அஞ்சலை இல்லை. இடுப்பில் சின்னப் பையன் இருந்தான். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "நீங்க மூணு வாரமா வர்லீங்க சாமி. கை படல. அதான் போய்ட்டா." என்னைக் குறை சொல்கிற தொனி குரலில் ஒரு துளி கிடையாது. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது அவளுக்குத் தெரிந்திருந்தது. இளைத்துவிட்டீர்களே என்று அதற்கும் வருத்தப்பட்டாள். பிறகு பையன் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இவனயாவது தொட்டுட்டுப் போங்க." தொட்டேன். வேறு என்ன செய்வேன், சொல்லுங்கள்.

அன்றைக்கு நோட்டில் அஞ்சலை பெயருக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனாள் என்று எழுதினால் முசே எப்போது, எப்படி என்று கேட்பார். மாத்திரைக் கதை வெளியே வரும். தெரு முழுக்க ஒரு துளி தின்றது தெரிந்தால் ஆறு மாத வேலையும் குப்பைக்குப் போகும். என் பிரான்சும் போகும். அந்த நேரத்தில் அதையும் நினைத்தேன், மறைப்பானேன். "ஊரை விட்டுப் போய்விட்டாள்" என்று எழுதினேன்.

மூன்று வாரம் விட்டுப்போன நோட்டுக்கு யார் சிபாரிசு செய்வார்கள்? தாவூதுதான் கப்பலேறினான். படித்து, சைகோனில் பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரானான். கைராசிக்காரன் என்று பெயர், அதிலும் பொய்யில்லை. முசேயைச் சண்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் கொயினா என்ற பேச்சு அவரோடு கப்பலேறிப் போயிற்று. நான் உள்ளூர் டாக்டராகி, பாகூர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சண்டைக் காலத்தில் கொயினா கண்ணிலேயே படவில்லை. மருந்தில்லாத டாக்டராக மறுபடியும் வயிற்றைத் தொட்டுக்கொண்டு திரிந்தேன்.

முசே எழுதியது அச்சாகி வந்ததைத் தாவூது சைகோனிலிருந்து அனுப்பியிருந்தான். மெல்லிய புத்தகம். கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவருக்கும் நன்றி, என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு. நடுவில் ஒரு அட்டவணை. அதில் என் ஊருக்கு நேரே, பொடி எழுத்தில்: ஊரை விட்டுப் போனவர், ஒருவர்.

அஞ்சலை எங்கும் போகவில்லை. ஏரிக்கரைக்குக் கீழேதான் புதைத்தார்கள். அந்த இடத்தில் இன்று வரிசையாக மாடி வீடுகள். பச்சையம்மாவின் தெருவில் அஞ்சலையைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. பிறப்பு இறப்பு எழுதுகிற மேரி ஆபீசில் பழைய புத்தகங்களை நானே புரட்டிப் பார்த்தேன். பிறந்ததையும் எழுதவில்லை, செத்ததையும் எழுதவில்லை. என் நோட்டு முசேயோடு கப்பலேறிப் போயிற்று; அவர் புத்தகத்தை என் அலமாரியில் கறையான் தின்றுவிட்டது. நான் எழுதிய அந்தப் பொய்தான், அப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி. இப்போது அதுவும் இல்லை.