இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள்

நிலத்து வழக்கு முடிந்த பிறகுதான் வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்கும் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவள் என் மனைவி. அப்பா இறந்ததிலிருந்து நான் சரியாக இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அழவில்லை, கோபப்படவுமில்லை. கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். விளக்குப் போடக்கூட எழுந்திருக்க மாட்டேன்.

"ஒரு காலத்துல பாட்டுன்னா உசிரா இருந்தீங்களே. நல்லதா ஒரு செட் வாங்கி வைங்களேன்" என்றாள்.

மறுக்கத் தோன்றவில்லை. சரி என்றேன்.

வழக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவிடைமருதூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நன்செய் இருந்தது. நாங்கள் தஞ்சாவூருக்குக் குடிவந்த பிறகும் அப்பா ஊரோடு இருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் ஒருவர், அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். உழுகிறவரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்ததும் அப்பா அவரை வெளியேற்றத்தான் பார்த்தார். அவர் அசையவில்லை. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுத்தது. சென்னையில் ஆட்சி மாறும்போதெல்லாம், இனி நம் பக்கம்தான் என்பார் அப்பா. மறு பக்கத்திலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா போன பிறகு நான் சமாதானம் பேசினேன். பாதி நிலம் அவருக்கு. மீதியை வேறொருவருக்கு விற்றேன். பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, குத்தகைக்காரரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். மூன்று தலைமுறையாக இருந்த நிலம் கைவிட்டுப் போனதற்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். டீ சூடாக இருந்தது.

ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் சென்னையிலிருந்து வந்தன. ஸ்பீக்கர்களை மட்டும் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று தஞ்சாவூரிலேயே ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஆர்வமான மனிதர். இரண்டு ஜோடிகளைக் காட்டினார். ஒன்று இடுப்பளவு உயரத்தில் தரையில் நிற்பது. மற்றது அலமாரியில் வைக்கிற அளவு.

"கடையில கேட்டா ஒண்ணும் பிடிபடாது சார். ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க ஹால்ல வெச்சு ஒரு வாரம் கேளுங்க. வேணாங்கறத திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கின. ஒரே வயலின் கச்சேரியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். பெரிய ஜோடியில் கேட்டபோது மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மிருதங்கம் இங்க வந்து இடிக்குது."

சின்னதில் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். "வில்லு தந்தியில ஏறுற சத்தம்கூடக் கேக்குது. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"நல்லாயிருக்கு."

"எது?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?" என்றாள். வித்தியாசம் எனக்கும் தெரிந்தது. மாணவனாக இருந்த காலமென்றால் குறிப்பே எழுதியிருப்பேன். இரண்டில் எதுவும் எனக்குள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குத்தகைக்காரர் வந்தார். இனி அப்படிச் சொல்லக் கூடாது, அவர் இப்போது நிலத்துக்காரர். பட்டா மாற்ற என் கையெழுத்து இன்னொன்று தேவைப்பட்டது. தோளில் ஒரு பையில் புது அரிசி. அப்பா அவரை வா, போ என்றுதான் பேசுவார். கிராமத்து வீட்டில் அவர் கொல்லைப்புறம் வந்து நின்று பேசிவிட்டுப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

ஹாலில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. பாட்டுக் கேட்பதற்காக இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் போட்டது. அதன் நுனியில் உட்கார்ந்தார். மனைவி காபி கொண்டுவந்தாள். சின்ன ஜோடியில் கச்சேரி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, இந்தப் பொட்டி பாடுது. அது சும்மா நிக்குதே?"

இடது பக்கத்துச் சின்னப் பெட்டியைக் காட்டினார். எழுந்து போய் வயரைப் பார்த்தேன். சரியாக இருந்தது. காதை வைத்துப் பார்த்தேன்.

"பாடுதுங்களே."

அவர் இடது காதைத் தொட்டுக்கொண்டார். "அப்ப என் காதுதான். இந்தப் பக்கம் சுத்தமா கேக்காது. பழகிப்போச்சா, எனக்கே ஞாபகம் இருக்கறதில்ல."

"சின்ன வயசுலேர்ந்தா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லம்மா. ஒரு வருசம் சம்பா அறுப்புக்குப் பெரியவரு வெளியூர் ஆளுங்களக் கூட்டியாந்தாரு. போலீசும் வந்துச்சு. நாங்க வரப்புல படுத்துக்கிட்டோம், எந்திரிக்க மாட்டோம்னு. அப்ப விழுந்த அடி. கும்பகோணத்துல காட்டுனேன். சவ்வு கிழிஞ்சு போச்சுன்னுட்டாங்க."

வாய்க்காலில் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அந்த அறுவடையைப் பற்றி எனக்குத் தெரியும். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வந்தபோது, வயலில் சின்னத் தள்ளுமுள்ளு என்று அப்பா சொன்னார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. காலி அறையில் நிற்பதுபோல் இருந்தது. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

மனைவிதான் எழுந்தாள். இடது பக்கத்து ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கி, வயரைக் காலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே கொண்டுபோய், வலது பக்கத்து ஸ்பீக்கரை ஒட்டி வைத்தாள். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டினாள்.

"இப்ப கேளுங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மெல்ல மாறியது.

"மிருதங்கமும் இருக்கா இதுல" என்றார்.

கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, தொடையில் தாளம் போட்ட அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசல் வரை போய், "பாத்துப் போங்க" என்றேன்.

அவர் போன பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் இடது காதை அடைத்துக்கொண்டேன். மனைவி சமையலறைக் கதவருகில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெரிய ஜோடியைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரருக்கு வருத்தம்.

"இதுல இருக்கற பேஸ், அந்தக் கனமான சத்தம், அதுல வராதே சார்?"

"வீட்டுல தூக்கி நகத்தற மாதிரி இருக்கணும்ங்கறாங்க" என்றேன்.

அதன் பிறகு அந்த நிலத்துக்காரர் தஞ்சாவூர் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். மேட்டூர் திறப்பு, உர விலை, அவர் மகள் படிப்பு. ஒரு முறையாவது அப்பாவுக்காக ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்தவர்போல் தெரியவில்லை. முதல் சில தடவைகள், அவர் போனதும் மனைவி பெட்டியைப் பழைய இடத்தில் வைப்பாள். பிறகு விட்டுவிட்டாள். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி நின்றன.

கல்லூரியில் சங்கீத ஞானமுள்ள நண்பர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பெட்டிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னங்க இது, ரெண்டையும் சேத்து வெச்சிருக்கீங்க? ஸ்டீரியோ வாங்குனதே வீணாச்சே."

"தெரியும்" என்று சொல்லி, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.