தைப்பூசத்துக்குப் போன கேக்

வட்டக்கானலில் எல்வின் நடத்தும் விடுதியில் சமையல் பெர்லினுடையது. உலகத்தை அவள் சாப்பாட்டுத் தட்டு வழியாகத்தான் தெரிந்துவைத்திருந்தாள். ரொட்டியின் ஓரத்தை ஒதுக்குகிற நாடு எது, ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கிற நாடு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். ஆனால் கொடைக்கானல் ஏரியில் படகு ஏறியதில்லை. டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் பாதை அவள் வீட்டைத் தாண்டித்தான் இறங்குகிறது. அந்தப் பாறையில் போய் நின்றதும் இல்லை. ஊர் சுற்ற வந்தவர்களுக்குச் சோறு போடுகிறவளுக்கு ஊர் சுற்ற ஏது நேரம்?

லேனா வந்த பிறகுதான் அது மாறியது. ஜெர்மனிக்காரி, சின்னப் பெண். சோலைக்காட்டு மரக்கன்று வளர்க்கும் ஓர் அமைப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்து, எல்வினின் விடுதியில் தங்கியிருந்தாள். முதல் நாள் சமையல்காரியின் பேரைக் கேட்டதுமே சிரித்துவிட்டாள்.

"எங்க ஊர்ல இருந்து பெர்லின் ரெண்டு மணி நேரம், ரயில்ல," என்றாள், கற்றுக்கொண்டிருந்த தமிழில்.

"இங்க அடுப்படிக்கு ரெண்டு எட்டுதான், வா," என்றாள் பெர்லின்.

தை மாதம் லேனாவுக்குச் சில நாள் விடுமுறை கிடைத்தது. முதல் நாளே பெர்லினை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெர்லின் பயத்தில் மூடிய கண்ணைத் திறப்பதற்குள் படகு பாதி ஏரியைக் கடந்துவிட்டது. மறுநாள் காலை டால்பின் நோஸ். மேகம் விலகியதும் கீழே சமவெளி விரிந்து கிடந்தது. "இம்புட்டு நாளும் இது இங்கனயேவா கெடந்துச்சு?" என்று கேட்டாள் பெர்லின்.

பாறையில் உட்கார்ந்திருந்தபோது லேனா பழனிப் பேச்சை எடுத்தாள். பூசத் தேரைப் பார்த்தே ஆகவேண்டும்; தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை.

"ரூம்பு எதுக்கு? எங்க அக்கா வீடு இருக்குல்ல," என்று சொல்லிவிட்டாள் பெர்லின்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அக்கா, ஜோசபின் என்ற பேரில் பிறந்து, பழனிக்காரர் தண்டாயுதபாணியைக் கல்யாணம் செய்துகொண்டு ஜோதிமணி ஆனவள். அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அப்பா போட்ட பூட்டு. அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். சாவி வைத்திருந்தவர்கள் இல்லாத பூட்டை யார் முதலில் தொடுவது என்று இரண்டு பக்கமும் இருந்துவிட்டார்கள். பழனி பஸ் தினமும் கண்முன்னால்தான் புறப்படுகிறது.

ஜீப் ஓட்டும் கணவன் ஸ்டீவன், "ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போயேன்," என்றான்.

"போன்ல வேணாம்னுட்டா அதுக்கப்புறம் பேச என்ன இருக்கு? விருந்தாளியோட வாசல்ல நின்னா யாரும் கதவச் சாத்த மாட்டாங்க."

"அப்ப வெள்ளக்காரப் புள்ளைய முன்னால விட்டு நீ பின்னால ஒளியப்போற."

"நீங்க ஜீப்புக்குள்ள ஜெபமாலையும் தொங்கவிட்டு, முன்னாடி எலுமிச்சம்பழமும் கட்டலையா? அப்படின்னு வெச்சுக்கங்க."

வெறுங்கையோடு போக முடியுமா? கிறிஸ்துமஸுக்கு ஊறவைத்ததில் மிச்சமிருந்த உலர்பழங்களைப் போட்டு, அம்மா செய்கிற பக்குவத்தில் ஒரு கேக் செய்தாள். முட்டை உடைத்துக் கொடுத்தது லேனா. விடுதியிலிருந்த பழைய நீல பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார்கள். "டப்பா பத்திரம், எங்கப்பா வாங்குனது," என்று சொல்லித்தான் எல்வின் லீவு கொடுத்தார்.

வடகவுஞ்சியில் பஸ் நின்றபோது மலைவாழைத் தார்கள் மேலே ஏறின. "பஞ்சாமிர்தத்துக்குப் போவுது," என்று பெர்லின் காட்டினாள். மலையிறங்கியதும் சாலையோரம் முழுக்கப் பச்சையும் காவியுமாக நடந்துபோகிறவர்கள். லேனா ஜன்னலுக்கு வெளியே கையசைத்தபடி, அக்கா வீட்டில் சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பெர்லினுக்கு மனப்பாடம் செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் வீடு. வாசலில் பந்தல் போட்டு, நடந்து வந்தவர்களுக்கு இலை போட்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு நிமிர்ந்த ஜோதிமணி தங்கையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸுல கூட்டமா?" என்றாள்.

"நின்னுக்கிட்டு வரல. எடம் கெடச்சுச்சு," என்றாள் பெர்லின்.

உள்ளே போனதும் தண்டாயுதபாணி பச்சை வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாகத் தண்ணீர்ச் செம்போடு வந்தார். கழுவிவிட்ட தரை, சாம்பிராணி வாசம். பெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. இது மாலை போட்டிருக்கிற வீடு. விரத வீட்டுக்குள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்! கொடைக்கானலில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் கேக். அதற்கு மேல் யோசித்துப் பழக்கமில்லை. பையை மெதுவாகக் காலுக்குப் பின்னால் தள்ளினாள்.

லேனா அதை எடுத்து முன்னால் வைத்தாள். டப்பாவை வெளியே எடுத்து இரண்டு கையாலும் நீட்டி, மனப்பாடம் செய்ததைப் பிசகில்லாமல் சொன்னாள்: "அக்கா, இது கேக். பெர்லின் அக்கா செஞ்சாங்க. நான் முட்டை உடைச்சேன். எட்டு முட்டை!" சந்தேகம் வரக்கூடாதென்று எட்டு விரலையும் காட்டினாள்.

வாசல் பந்தலில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் நின்றது. தண்டாயுதபாணி மின்விசிறியைப் பார்த்தார். அப்பா போட்ட பூட்டு போதாதென்று இந்தப் பக்கமும் ஒன்றைத் தன் கையாலேயே போட்டுவிட்டோம் என்று பெர்லினுக்குத் தோன்றியது.

ஜோதிமணி டப்பாவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். அடுத்த வீட்டு வீரம்மாளின் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்து இன்னும் வருசம் திரும்பவில்லை. அதனால் இந்தத் தடவை அங்கே மாலையும் இல்லை, விரதமும் இல்லை.

"வீரம்மாக்கா, இத உங்க வீட்டுல வைங்க. எங்கம்மா செய்யுற கேக்கு. மாலை கழட்டுனதும் வந்து வாங்கிக்கிறேன். ஒரு துண்டு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"வாசமாச்சும் பாக்கலாமா?"

"வாசத்துக்குத் தடை இல்ல. மூடியத் தொறக்காமப் பாருங்க."

திரும்பி வந்து தங்கையிடம், "என்னடி முழிக்கிற? வெரசா தலைக்கு ஊத்திட்டு வா. பழம் உரிக்க ஆளில்லாம சோலி அப்படியே கெடக்கு. அந்தப் புள்ளையவும் கூட்டிட்டுப் போ. முட்டை உடைச்ச கை," என்றாள்.

இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்ததும் மூவரும் பஞ்சாமிர்த அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மலைவாழை உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. லேனா பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்தாள்.

"அப்பா கடைசில எம்பேரச் சொன்னாரா?" என்று கேட்டாள் அக்கா, பழத்தைப் பிசைந்துகொண்டே.

"இல்ல." பொய் சொல்ல பெர்லினுக்கு வாய் வரவில்லை.

"சொல்ல மாட்டாரு. பிடிவாதத்துல அவருக்கு நான்தான் புள்ள." நாட்டுச் சர்க்கரையைக் கொட்டினாள். "அம்மா?"

"அம்மா எங்க உன்னை மறந்தா? என்னையத்தான் ஜோசி ஜோசின்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தா."

அக்கா தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் அண்டாவுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. "நெய்ய ஊத்து," என்றாள் பிறகு.

மறுநாள் தேர். அக்கா ஒரு கையில் லேனாவையும் மறு கையில் தங்கையையும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். அரோகரா எழும்போதெல்லாம் லேனாவும் குதித்தாள். பெர்லின் தனக்குத் தெரிந்த ஸ்தோத்திரத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதைச் சொல், அதைச் சொல் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளனே கிளம்பினார்கள். விடுதிக்கு ஆட்கள் வருகிறார்கள். கூட்டம் குறைந்ததும் மலையேறி மாலை கழற்றுவதாக இருந்தது அக்கா வீட்டில். பஞ்சாமிர்தம் ஒரு தூக்கு நிறைய ஏறியது. பெர்லின் தயங்கித் தயங்கி டப்பாவைக் கேட்டாள். "எங்க சாரோடது."

"அதுக்குள்ள கேக்கு இருக்குடி. நாங்க சாப்பிட வேணாமா? அப்புறம் காலி டப்பாவக் குடுத்தனுப்புற பழக்கமும் இந்த வீட்டுல இல்ல. நானே மேல கொண்டாந்து தாரேன்."

"நெசமாவா?"

"அம்மா கல்லறைக்கு வழி மறந்துருப்பேன்னு நெனச்சியா?"

தண்டாயுதபாணி மெதுவாகக் கேட்டார்: "பொறந்ததுல இருந்து இங்க இருக்கேன், கொடைக்கானல் பாத்ததில்லம்மா. படகெல்லாம் உண்டாமே?"

"உண்டு மச்சான். கண்ண மட்டும் மூடிராதீங்க," என்றாள் பெர்லின். அவரை மச்சான் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது. "முந்திரி கம்மி. மத்தபடி அம்மா பக்குவம்."

லேனா ஊருக்குப் போய்விட்டாள். பெர்லின் வீட்டு ராத்திரி ஜெபத்தில், "முட்டைய எண்ணிச் சொன்ன அந்தப் புள்ளையவும் ஆசீர்வதியும் ஆண்டவரே," என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஸ்டீவன் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பான். ஈஸ்டர் முடிந்து வருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். எல்வின்தான் பொறுமையிழந்து, "என் டப்பா எங்க பெர்லின்?" என்று அடுப்படிக்குள் எட்டிப்பார்க்கிறார்.

"வந்துரும் சார்," என்கிறாள் பெர்லின். "எங்க அக்கா கொண்டுவர்றா."