தொப்பி போட்ட வாத்து ஓட்டிய ரயில்

அந்தப் பாட்டு எனக்கு மறுபடியும் கிடைத்தது இரண்டாயிரத்து எட்டில், சென்னையில், மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு. ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் வேறு எதையோ தேடப்போக, இது வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு வாத்து ரயில் ஓட்டுகிறது. முதல் பெட்டியில் பெயர்ச்சொற்கள், அடுத்ததில் வினைச்சொற்கள். நிறமும் குணமும் சொல்லும் சொற்கள் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வந்து கடைசிப் பெட்டிக்கு வர்ணம் அடிக்கின்றன. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லித்தரும் கார்ட்டூன், மொத்தமே நாலு நிமிஷம். எனக்கு உட்கார முடியவில்லை. உடனே ஊருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வாத்து கெடைச்சிடுச்சு!"

"எந்த வாத்து?" என்றாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

அந்த வாத்து முதல்முதலில் எங்களிடம் வந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. மாடி அறையை ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டிருந்தோம். ஆறு மாதம் தங்கிய ஒரு வெள்ளைக்காரம்மா கிளம்பும்போது, தன் மகள் பார்த்துச் சலித்த வீடியோ கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கேசட்டைப் போட்டுப் பார்க்க எங்களிடம் டெக் கிடையாது, மாமாவிடம் இருந்தது. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. தேரடி வீதியில் கேசட் கடை வைத்திருந்தார், கல்யாண வீடியோவும் எடுப்பார். நாங்கள் இருவரும் அவருக்கு முறைப்பெண்கள். கடைப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வாங்கடி, பெரிய பொண்டாட்டி, சின்னப் பொண்டாட்டி! ஐஸ் யாருக்கு?"

நான் கையைத் தூக்குவேன். அக்கா, "மொதல்ல கேசட்டப் போடு மாமா" என்பாள்.

அவளுக்கு அவசரம். தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, பி.ஏ. இங்கிலீஷ்தான் படிப்பேன் என்று விண்ணப்பம் வாங்கி, போட்டோ ஒட்டி, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி வைத்திருந்தாள். அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அப்பா சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை வைத்தார். "அஞ்சு நிமிஷம் தப்பில்லாம இங்கிலீஷ்ல பேசிக் காட்டு, போடறேன்." விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேசிக் காட்டுவது என்று ஏற்பாடு.

அப்படித்தான் வாத்து எங்களுக்கு டியூஷன் மாஸ்டர் ஆனது. தினம் நாலு மணிக்குக் கடையில் இருப்போம். அக்கா ஒவ்வொரு வரியாக நிறுத்தச் சொல்லி நோட்டில் எழுதுவாள். மாமாவும் முகம் சுளிக்காமல் ரிவைண்ட் பண்ணிக் கொடுப்பார். முதல் நாளே அவருடைய டெக், கேசட்டின் கடைசிப் பகுதியைக் கடித்துத் துப்பிவிட்டது. ரயில் ஒரு குகைக்குள் நுழையும், திரை முழுக்கப் புள்ளிகளாகிவிடும். அதற்குமேல் ரயில் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா வாத்து மாதிரி தலையை ஆட்டிப் பாடுவாள். அதைப் பாடியபடியே பூக்காரம்மாவிடம் ஒருநாள் இங்கிலீஷில் முழம் விலை கேட்டு, "ன்னா கண்ணு, காத்து கருப்பா?" என்று அந்தம்மாள் பயந்ததும் உண்டு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, கிரிவலம் போக வந்திருந்தாள். என்னை மடியில் இழுத்து, "தெனம் சாயங்காலம் அக்காவும் நீயும் எங்கடி போறீங்க?" என்றாள். வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்ட ஒருவரைச் சும்மா விடலாமா? கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொன்னேன்.

"மாமா கடைக்கு! அக்காவுக்கு அங்க போவலன்னா சோறே எறங்காது. மாமா பெரிய பொண்டாட்டின்னுதான் கூப்புடுவாரு."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கும் சிரிப்பு.

வெயில் தாழ அம்மாவும் அத்தையும் கிரிவலம் நடக்க ஆரம்பித்தார்கள். மலையைச் சுற்றி முடித்து வீட்டு வாசலில் கால் கழுவும்போது கல்யாணம் முடிவாகியிருந்தது. ஊர் வாயில் விழுவதற்கு முன்னால் உரிமைப்பட்டவனுக்கே கொடுத்துவிடலாம் என்று அத்தை சொன்னாளாம். தம்பிக்குப் பெண் கொடுக்க அம்மாவுக்குக் கசக்குமா? மறுநாள் விஷயம் கேட்ட மாமா மட்டும், "அது காலேஜ் போறேன்னுச்சேக்கா?" என்று ஒருதரம் கேட்டார். அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தலைவாரி, நோட்டை எடுத்துக்கொண்டு அப்பா எதிரில் போய் நின்றாள். அப்பா பேப்பரிலிருந்து பாதித் தலையை நிமிர்த்தினார். "அதான் நல்ல எடமா அமைஞ்சிடுச்சேம்மா. இனிமே எதுக்கு?" அக்கா நோட்டை மூடினாள். பிறகு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

எனக்கோ ஒரே குஷி. மாமாவும் டெக்கும் வாத்தும் இனி நம் வீட்டுச் சொத்து. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அந்தக் கேசட்டைப் போடச் சொல்லவே இல்லை. நான் கேட்டாலும், "வேற எதுனா பாரேன்" என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பரீட்சை முடிந்ததும் லேப்டாப்பில் பாட்டை ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கீழே கடையில் யாருக்கோ ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து அவள் உதடு அசைந்தது, ஒரு சொல் பிசகவில்லை. அவள் பிள்ளைகள் வாயைப் பிளந்து அம்மாவைப் பார்த்தார்கள். ரயில் குகைக்குள் போனது. வெளியே வந்தது. ஸ்டேஷனில் நின்றது, எல்லாச் சொற்களும் மூட்டை முடிச்சோடு இறங்கின.

"அட, ஊர் போய்ச் சேர்ந்துடுதா அது" என்றாள்.

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, "அன்னிக்கி அத்த கேட்டப்ப நீ என்னாதான்டி சொன்ன?" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறை. ஒன்று விடாமல் சொன்னேன்.

"அவ்ளோதானா? என்னென்னமோ சொல்லிட்டிருப்பன்னு நெனச்சிட்டிருந்தேன்." என் தலையைக் கோதினாள். "சரி வுடு. உனுக்கு அப்ப என்னா தெரியும்."

பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு. கிரேயானில் ரயில், தொப்பியோடு மாமா ஓட்டுகிறார், ஜன்னலில் அக்காவும் நானும். மாமாவின் மூக்கு வாத்து மூக்காகவே இருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு காகிதத்தைத் திருப்பினேன். போட்டோவில் இரட்டைப் பின்னலோடு அக்கா. வரிசையாக நிரப்பிய கட்டங்கள். அடியில் அப்பாவுக்காக விட்டிருந்த கோடு காலியாக இருந்தது.

அக்கா கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அந்த விண்ணப்பத்தைப் படம் வரைய நான்தான் எடுத்தேன். இனிமே எதுக்கு என்று அப்பாவே சொல்லிவிட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தாளும் நல்ல கெட்டி. மணவறையில் அதை வாங்கிய அக்கா, படத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு மாலையோடு என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். படம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று, அன்று பந்தியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன்.