அப்பா தேய்த்த கத்தி

அப்பா இல்லாமல் ஒரு சிவராத்திரி வந்து போய்விட்டது. முதலாம் ஆண்டு நினைவு மலர் அச்சடிப்பது என்று முடிவானதும், "நீதான் அவருக்குச் செல்லம், நீயே எழுது" என்று தம்பி என் தலையில் கட்டினான். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இதையெல்லாம் ஊருக்குக் கொடுக்கிற மலரில் போடலாமாக்கா?" என்றும் அவனே கேட்டான். போடக் கூடாதுதான். ஆனால் இதை வாங்கிப் படிக்கப்போகிற பங்காளிகளில் பாதிப் பேர் இது நடந்த அன்று கோயிலில் இருந்தவர்கள். குறையே இல்லாத மனிதர் என்று அப்பாவைப் பற்றி எழுதினால் அவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். அதைவிட இது மேல்.

அப்பா பிறந்தது நாச்சியாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலை. தம்பியான எங்கள் சித்தப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டார். அப்பா படித்து, காரைக்குடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே செக்காலையில் வீடும் கட்டினார். அலுவலகத்துக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. பிறர் பொருளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கடையில் வாங்கிய எதையும் வாங்கியபடி வைத்திருக்க மாட்டார். நாற்காலி வாங்கினால் காலை அறுத்து உயரம் குறைப்பார். குடை வாங்கினால் பிடியைச் செதுக்குவார். அம்மா சலித்துக்கொண்டால், "கடைக்காரன் யாரு கைக்கோ செஞ்சதை நான் ஏன் அப்படியே வச்சுக்கணும்?" என்பார்.

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டுவார்கள். கறியைப் பங்காளி வீடுகளுக்குச் சமமாகப் பிரித்து வாழை இலையில் வைப்பதைக் கூறு போடுவது என்போம். அந்தப் பொறுப்பு எங்கள் தாத்தாவுக்குப் பிறகு, அப்பா வளர்ந்ததும் அவருக்கு வந்தது. எலும்பு யாருக்கு, ஈரல் யாருக்கு என்று ஒரு முனகல்கூட எழாது. அது அப்பாவுக்குப் பெருமை. கொஞ்சம் தலைக்கனமும்கூட.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அப்பாவுக்கு ஒரு கத்தி கொண்டுவந்தார். மடக்குக் கத்தி இல்லை, தோல் உறைக்குள் செருகி வைக்கிற நீளக் கத்தி. முதுகில் ரம்பம்போலப் பல், முனை ஊசி, ரப்பர் பிடி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பு. கறிக்கு உருவந்தான் சரியில்லை" என்றார். அன்றே அரம் வாங்கி வந்துவிட்டார். அலுவலகம் விட்டு வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்ப்பார். முதுகுப் பல்லை ராவி மழமழவென்று ஆக்கினார். உரிக்கும்போது ஆட்டுத் தோலைக் கிழிக்கும் என்று முனையை மழுக்கி உருட்டினார். அலகைத் துவைகல்லில் தேய்த்து இளைக்க வைத்தார். கடைசியாக ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பிடிக்குள் போகிற அடிக்காம்பை ஒடுக்கி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வேப்பமரப் பிடியில் இறக்கினார். நம் ஊர்க் கத்திக்கு அப்படித்தான் பிடி போடுவது. அந்தக் கத்திக்கு அது ஆகாது என்பதும், சூடு அலகுவரை ஏறி இரும்பைத் தளர்த்திவிட்டது என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாசியில் கத்தியை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் அப்பா உட்கார்ந்தார். எதிரே சித்தப்பா கிடாத் தொடையைப் பிடித்துக்கொண்டார். மூட்டில் வைத்து அழுத்தியதும் கத்தி பிடியருகே வளைந்தது. "சிங்கப்பூர்க் கத்தி சாமி கும்புடுதுப்பா" என்று ஒருவர் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"விடுங்கண்ணே. பழைய கத்தி இந்தா இருக்கு" என்றார் சித்தப்பா.

அப்பா காதில் வாங்கவில்லை. கத்தியைக் கல்லில் வைத்து மிதித்து நிமிர்த்தினார். "நீ பிடிடா" என்றார்.

"அழுத்தாதீகண்ணே" என்று சித்தப்பா சொல்லி முடிக்கவில்லை. அலகு திரும்பி அவருடைய வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் இலைகளில் தெறித்தது. பூசாரி வந்து பார்த்தார். "மனுச ரத்தம் பட்டது சாமிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. குழி வெட்டுங்கப்பா" என்றார். எல்லாக் கறியும் மண்ணுக்குப் போனது. தூக்குவாளியோடு வந்தவர்கள் வெறும் தூக்குவாளியோடு திரும்பினார்கள். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய அவமானத்தை நான் பார்த்ததில்லை. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினார்.

சித்தப்பாவின் விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. மண்வெட்டி பிடித்தாலும் சோறு பிசைந்தாலும் அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியாட்கள் கேட்டால், "கதவு இடுக்குல மாட்டிக்கிருச்சு" என்பார். அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. அந்தப் பொய்யைப் பக்கத்தில் இருந்து கேட்கும்போதெல்லாம் அப்பா தரையைப் பார்ப்பார். 'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்களுக்கு அதுதான் கூடுதல் வெட்கம். என்னைப் பெண் கேட்டு வந்த வீட்டில்கூட, "கத்தி வளைச்சவுக மகளா?" என்று ஒரு பெரியம்மா விசாரித்தார். காபித் தட்டோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சிவராத்திரிக்கு அப்பா போகாமல் இருக்க மாட்டார். சாமி கும்பிடுவார். கூறு போடும் நேரம் வந்தால் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார். எங்கள் பங்கைச் சித்தப்பாவே கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்கு அப்பாவுக்கு மட்டும் ரசம்.

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அந்தக் கத்தியைப் பரணிலிருந்து எடுத்தார். அம்மா பதறிப்போய், "பட்டது போதாதா?" என்றார். அப்பா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தளர்ந்துபோன பகுதியைப் பட்டறையில் கொடுத்து வெட்டியெறிந்தார். மிச்சத்தில் காம்புக்கு இடம் விட்டுப் பழையபடி தேய்க்க ஆரம்பித்தார். இம்முறை அடுப்புப் பக்கமே போகவில்லை. தீபாவளிக்குச் சித்தப்பா வந்தபோது, அம்மா சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்துக் கத்தியின் காம்பில் அப்பி நீட்டினார்.

"இதைப் பிடிடா."

"என்னண்ணே, சின்னப்பிள்ளை கணக்கா?"

"பிடின்னா பிடியேன்."

சித்தப்பா பிடித்தார். மூன்று விரல்களின் தடம் பள்ளமாக விழுந்தது. நீட்டிய விரலின் தடம் மட்டும் மேலே நேர்க்கோடாகக் கிடந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாவுக் கையோடு கொல்லைக்குப் போய்விட்டார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். போய்ப் பார்க்க எனக்கும் துணிவில்லை.

அந்தத் தடத்தை வைத்துத்தான் பிடியைச் செதுக்கினார். மடங்காத விரல் படுத்துக்கொள்ள மேலே ஒரு வாய்க்கால் வெட்டினார். மரத்தை இரண்டாகப் பிளந்து ஆணி அடித்துப் பொருத்தினார். அடுத்த மாசியில், இத்தனை வருடம் கழித்து, கூறு போடும் இடத்துக்கு வந்தார். கத்தியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தொடையைத் தான் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார்.

"கண்ணைத் தொறந்து பிடிங்கண்ணே" என்றார் சித்தப்பா. "நான் பாத்து அறுக்குறேன்."

அந்த ஆண்டே அப்பாவுக்கு வாதம் வந்தது. பேச்சு முதலில் போனது. சித்தப்பா கட்டிலருகே உட்கார்ந்தால் அவருடைய அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பார். சத்தம் வராது. "எனக்குத் தெரியும், விடுங்கண்ணே" என்பார் சித்தப்பா. அப்பாவுக்கு அது போதவில்லை. மறுபடியும் திறப்பார். அப்படியே போய்விட்டார்.

மருத்துவமனையில் மாறி மாறி இரவு தங்கிய அத்தை மக்களுக்கும், கேட்காமலே சோறு கொடுத்தனுப்பிய செக்காலை அண்டை வீட்டாருக்கும், எந்நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் அது பொருந்தாது. சித்தப்பா, அப்பா உங்களிடம் கேட்க நினைத்ததை நான் கேட்கிறேன். எங்களை மன்னித்துவிடுங்கள்.