தங்கராசா அண்ணன் அடிக்காத மணி

வெள்ளிக்கிழமை காலை ஓட்டமாவடிச் சந்தியில் பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறிய பிறகும் புறப்படவில்லை. டிரைவர் கனகு அண்ணன், கொண்டக்டர் அடிக்கும் இரண்டு மணிக்காகப் பழக்கத்தில் காத்திருந்தார். அடிக்க ஆளில்லை. கடைசியில் திரும்பி எங்களைப் பார்த்தார். "தங்கராசா நேத்து ஆஸ்பத்திரியில முடிஞ்சிட்டான்" என்றார்.

சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருக்கிறார்கள். அது தானாகக் கெடவில்லை, பூட்ஸ் காலால் கெட்டது. அந்தப் பஸ்ஸில் போய்வரும் உங்களுக்கு இது தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

பெயரில்தான் தங்கமும் ராசாவும். பல்லில் வெற்றிலைக் காவி, சட்டையில் மிஞ்சியது இரண்டு பொத்தான். கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு வரை அந்தப் பஸ்ஸில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் அவருக்குப் பெரிய தலையிடி நான்தான். ஒருநாள் அவர் வாழைச்சேனையில் வெற்றிலை வாங்க இறங்கிய நேரம், பின் சீட்டிலிருந்து மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. வெற்றிலையும் கையுமாக ஓடிவந்து தொற்றி ஏறியவர் நேரே என்னிடம் வந்தார்.

"மணி அடிக்க ஒரு விரல் போதும் புள்ள. ஆரு ரோட்டுல நிக்கிற எண்டு பாக்கக் கண்ணும் வேணும்."

"கண் இருக்கு அண்ணன். அது உங்கட ஓட்டத்தப் பாத்துக்கொண்டிருந்த."

"இந்த வாய்க்கு வேறயாத்தான் டிக்கட் போடணும்" என்றார்.

அவர் எண்ணாமல் மணி அடித்ததில்லை. கடல் ஊருக்குள் வந்த நாளில் அந்தப் பஸ்ஸில்தான் கரையோரத்துச் சடலங்களை ஏற்றி வந்தார்கள். எனக்குப் பதினொரு வயது. எங்கள் சந்தியில் பஸ் நின்றபோது படிக்கட்டால் உப்புத்தண்ணீரும் இரத்தமும் வடிந்தன. சாமான் வைக்கும் மேல்தட்டில் சின்னக் கால்கள். தங்கராசா அண்ணன் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணி முடித்துத்தான் மணி அடித்தார். "தண்ணி அடையாள அட்டை கேக்கல்ல, புள்ள" என்று பிறகொரு நாள் சொன்னார். "தமிழாக்கள், முஸ்லிமாக்கள் எண்டு பிரிச்சு இறக்கவும் இல்ல."

சோதனைச் சாவடிப் பொலிஸ் பிரித்து இறக்கியது. போரின் கடைசி மாதங்களில் தினமும் நடந்தது. தமிழர் இறங்க வேண்டும். என் தலைத்துணியைப் பார்த்து, "நீ இரி" என்பார்கள். கொண்டக்டர் இறங்கத் தேவையில்லை. அவர் இறங்குவார், வரிசையில் நிற்பார், எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரும் ஏறாமல் மணி அடிக்க மாட்டார்.

ஒருநாள் எட்டுப் பேர் இறங்கினார்கள். ஏழு பேர் திரும்பினார்கள். பனிச்சங்கேணியிலிருந்து இறால் பெட்டியோடு வந்த ரவியை உள்ளே வைத்துக்கொண்டார்கள். உள்ளிருந்து அவன் அலறுவது பஸ்ஸுக்குள் கேட்டது. "பெல் அடி! பஸ் போ!" என்று பொலிஸ்காரன் கத்தினான்.

"ஒராள் குறையுது சேர்" என்றார் தங்கராசா அண்ணன்.

துவக்குப் பிடியால் வாயில் இடித்தான். பல் தெறித்தது. விழுந்தவரின் இடுப்பில் மாறி மாறி மிதித்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் "பெல் அடி" என்றார்கள். அவர் மண்ணில் கிடந்தபடி ஒரு விரலை மட்டும் காட்டினார். ஒராள்.

என் தலைக்கு மேல் கயிறு தொங்கியது. மணி அடித்தால் அவரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு தரம் இழுத்தேன்.

பஸ் அசைந்தது. அவரை இழுத்துப் படியில் எறிந்தார்கள். ரவி இன்றுவரை வரவில்லை.

போர் முடிந்த பிறகு, பொலிஸ் இனம் பார்த்து மறிக்கிறதா என்று விசாரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்று வந்தது. மூன்றாவது வரிசையில் வாப்பாவோடு இருந்தேன். "ஆளை எப்படித் தெரிவுசெய்கிறார்கள்?" என்று தங்கராசா அண்ணனைக் கேட்டார்கள். "அட்டைக்கு முதல் நெத்தியப் பாப்பாங்க. என்ட பொஞ்சாதி பொட்ட அழிச்சுப்போட்டுத்தான் பஸ் ஏறுறவ" என்றார். குழுவிலிருந்த ஒரு அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

பிறகு ஒரு உறுப்பினர் கேட்டார்: "இரண்டு மணி என்றால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்றுதானே? அன்று அடித்தது யார்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "என்ட பஸ்ஸில அடிக்கிற மணியெல்லாம் என்ட மணிதான் ஐயா. ஆனா ஏறினது ஏழு பேர்."

மணியை எழுதிக்கொண்டார்கள். ஏழு பேரை எழுதவில்லை. கொண்டக்டரே மணி அடித்ததால் யாரும் தடுத்து வைக்கப்படவில்லை என்று ரவியின் அம்மா கொடுத்த முறைப்பாட்டை மூடிவிட்டார்கள்.

வெளியே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏன் அண்ணன் சொல்லல்ல?"

"சொன்னா உன்ன ஆரு காப்பாத்துற? நாளைக்கும் நீ அந்தச் சாவடியாலதானே பள்ளிக்குப் போகணும். படிச்சு முடி. பிறகு உன்ட வாயாலயே சொல்லு. அதுதான் காது வரைக்கும் இருக்கே."

போன மாதம் பரீட்சை முடிந்தது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பின் சீட்டில் இருந்து அவர் முதுகைப் பார்த்தேன். அவர் இடுப்பைப் பிடித்தபடி டிக்கட் போட்டுக்கொண்டிருந்தார். நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

ரவியின் அம்மா இதை வாசிப்பா. குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். தங்கராசா அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய எண்ணிக்கை: இறங்கியது எட்டு, ஏறியது ஏழு. மண்ணில் கிடந்தும் அவர் அந்த மணியை அடிக்கவில்லை. அடித்தது நான்.