ஹில்டிங் சொல்லக் கூடாத நன்றி

ஹில்டிங் எங்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஓடும் மஞ்சள் படகை ஓட்டியவர். வேலைக்காலம் முழுவதும் கார்களை ஏற்றி அக்கரையில் விட்டுவிட்டு இக்கரைக்குத் திரும்புவார். ஏறும் ஒவ்வொரு காருக்கும் கையை உயர்த்தி நன்றி சொல்வார். இறங்கும்போது இன்னொரு தடவை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டவளுக்கு நன்றி சொன்னார். பஞ்சு எடுத்துக் கொடுத்தவளுக்கும் சொன்னார். பிறகு நாற்காலியிடமும் சொல்லிவிட்டு எழுந்தார். அன்று நான்தான் கூடப் போயிருந்தேன்.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தானே சமைப்பார், மீனை மட்டும் கருக்கிவிடுவார். அவரிடம் இருந்த ஒரே செல்லம், அம்மா வளர்த்த ஃபுக்சியா செடி. சிவப்பும் ஊதாவுமாகத் தொங்குகிற அந்தப் பூவை இங்கே இயேசுவின் ரத்தத்துளி என்போம். குளிர்காலத்தில் அதை நிலவறைக்கு இறக்கவேண்டும். போன வருஷம் மறந்துபோய்க் கண்ணாடி முன்னறையிலேயே விட்டுவிட்டார். ஜனவரிக் குளிரில் வேர்வரை உறைந்து கருத்துப்போனது.

அந்தச் செடியின் வழிவந்தது இன்னும் ஒன்றுதான் இருந்தது, அவருடைய அண்ணன் மனைவி குன்வோரிடம். அண்ணன் கல்யாணத்தின்போது அம்மா ஒரு தண்டு நறுக்கிக் கொடுத்திருந்தாள். வசந்தம் வந்ததும் ஹில்டிங் போய்க் கேட்டார். குன்வோர் மூன்று தண்டு நறுக்கி ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

"இதோட சரி. என் செடிக்கும் வயசாச்சு, இன்னொரு தடவை கத்தரிய வைக்க மாட்டேன். இதையும் கொன்னுட்டா என் வாசல்ல வந்து நிக்காதே."

"ரொம்ப நன்றி, குன்வோர்" என்றார் ஹில்டிங்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தண்டு கொடுத்தவருக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அது மண்ணில் வேர் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தண்ணீர்க் குவளையில் தண்டுகள் வேர்விட்டன. மே மாதத்தில் மண்ணுக்கு மாற்றினார். நாலைந்து நாளிலேயே என் கதவைத் தட்டினார், முகம் வெளுத்திருந்தது.

"ரூத், மூணும் தலையைத் தொங்கப் போட்டுருச்சு. என் வாய்தான் காரணம்."

"வாயில்ல, கையா இருக்கும். வா பாக்கலாம்."

போய்ப் பார்த்தேன். தெற்கு ஜன்னல், நேர் வெயில். தொட்டிகளுக்கு அடியில் தட்டு நிறையத் தண்ணீர்.

"எவ்வளவு ஊத்தினே?"

"வாடுறப்பல்லாம் ஊத்தினேன். தாகம்னு நினைச்சேன்."

"விழுங்க முடியாதவங்க வாயில தம்ளரைச் சாய்ப்பியா? தண்ணியில விட்ட வேர் இது, மண்ணு புதுசு. இன்னும் உறிஞ்சத் தெரியல. நீ மூழ்கடிக்கிறே."

முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிப்பதுதான் எனக்குப் படிப்பும் பிழைப்பும். இதுவும் அதே வேலைதான்: பாரத்தைக் குறை, நிழலில் வை, சும்மா சும்மா தொடாதே. தட்டைக் கவிழ்த்தேன். ஊறின மண் வடியத் தொட்டிகளைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்தேன். ஒரு தண்டின் அடி கருத்துக் கொழகொழத்திருந்தது; பிடுங்கி வீசினேன். மற்ற இரண்டில் பெரிய இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளினேன்.

"ஐயோ, மொட்டையுமா?"

"வேரே சரியா ஊனாதவளுக்குப் பூ எதுக்கு?"

குச்சிகள் நட்டு, ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையை அவற்றின்மேல் கவிழ்த்து, வடக்கு ஜன்னலுக்கு மாற்றினேன். காலையில் சற்று நேரம் பையைத் தூக்கிக் காற்றுக் காட்டவேண்டும், மண் மேலே காய்ந்தால் மட்டும் ஒரு கரண்டித் தண்ணீர் என்றேன்.

அவருக்கு மனம் ஆறவில்லை. "திருடின தண்டுதான் நல்லாப் பிடிக்கும்னு சொல்வாங்க. நீ போய் குன்வோர்கிட்ட ஒண்ணு கிள்ளிட்டு வாயேன்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு வேலி தாண்டச் சொல்றியா? போய்ப் படு."

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் போனது. மிச்சமிருந்தது இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது. ஹில்டிங் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தூக்கி எறியப் போனவரைத் தடுத்து நகத்தால் தோலைச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை.

"சாகல. ஓய்வெடுக்குது. நீயும் எடு."

ஜூன் கடைசியில் வரும் நடுக்கோடை விருந்துக்கு முன்பே கணுக்களில் கடுகளவு தளிர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பையை விலக்கினோம். கோடை முதிர்ந்தபோது அது பையில்லாமல் நிமிர்ந்து நின்றது.

ஹில்டிங் ஏலக்காய் பன் சுட்டுக் குன்வோரைக் காபிக்குக் கூப்பிட்டார். அவள் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மூணு குடுத்தேன்."

"ஒண்ணுதான் நிக்குது. தப்பு என்னுது. அன்னைக்கு வாசல்ல உனக்கு நன்றி சொல்லித் தொலைச்சிட்டேன்" என்றார் ஹில்டிங், தலை குனிந்து.

"எப்போ?"

"தண்டு வாங்கினப்போ."

குன்வோர் பன்னை மென்று விழுங்கினாள். "அன்னைக்கு நான் காதுல மிஷினே மாட்டல. நீ வந்தா நிறையப் பேசுவியேன்னு கழட்டி டப்பாவுல வச்சிட்டேன். உன் செடி போன சேதி முன்னாடியே தெரியும்; நீ பேசினதுல ஒரு வார்த்தை கேக்கல. கேக்காத நன்றி கணக்குல வராது."

ஹில்டிங் என்னைப் பார்த்தார். நான் காபி ஊற்றினேன். ரெண்டு தண்டு செத்தது தண்ணீரால்தான் என்று சொல்லியிருக்கலாம், ஏற்கெனவே சொன்னதுதானே. அவர் முகம் விரிந்தது, நெஞ்சு நிமிர்ந்தது, வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

குன்வோர் கையைக் காட்டி நிறுத்தினாள். நிதானமாகக் காதிலிருந்து மிஷினைக் கழற்றி, காபித் தட்டின் ஓரம் வைத்தாள்.

"ம், இப்பச் சொல்லு" என்றாள்.